மூச்சு விடும் டைனோசர்கள்: வாசகர் கேள்வி – பதில்

தொலைந்துபோன தீவுகள், யாரும் ஏறாத பீடபூமிகள், அங்கே இன்னும் அழியாமல் திரியும் டைனோசர்கள், அவற்றைத் தேடிப் போகும் ஒரு குழு: இந்த வகைப் பழைய படங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களை எல்லாம் இரண்டு முறை படித்தேன். பொம்மையை ஒவ்வொரு பிரேமாக அசைத்துப் படமெடுப்பது முப்பது வருடமாக என் தொழில். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே இந்தப் படங்களால்தான். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

இந்த வகைப் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்? – ஒரு கல்லூரி மாணவி

1933-ல் வந்த ‘கிங் காங்’. மெரியன் சி. கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக் இருவரும் சேர்ந்து இயக்கியது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். முதல் பாதியில் கப்பலில் பேசிக்கொண்டே இருப்பார்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும். தலைப்பு ஓடி முடிந்த பிறகு வெகுநேரம் பின்னணி இசையே இருக்காது. கப்பல் பனிமூட்டத்துக்குள் நுழைகிற இடத்தில்தான் மாக்ஸ் ஸ்டைனரின் இசை மெல்ல ஆரம்பிக்கும். நமக்குத் தெரிந்த உலகம் முடிந்துவிட்டது என்று காது முதலில் சொல்லும், கண் அப்புறம் பார்க்கும். எனக்கு ஒன்பது வயதில் அந்த இடத்தில் கை சில்லிட்டது. இன்றும் அப்படித்தான்.

படத்தின் ராட்சதக் குரங்கான காங் டைனோசருடன் சண்டை போடும் காட்சி வரும். அதன் முடிவைக் கவனியுங்கள். எதிரியின் தாடையைப் பிளந்து கொன்றுவிட்ட பிறகு காங் உடனே நெஞ்சில் அடித்துக்கொள்ளாது. தொங்கும் அந்தத் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும். நிஜமாகவே செத்துவிட்டதா, ஏன் அசையவில்லை என்று ஒரு குழந்தையைப் போலச் சோதிக்கும். கதைக்கு அந்தச் சில விநாடி தேவையே இல்லை. ஆனால் அதுவரை ராட்சத மிருகமாகத் தெரிந்த ஒன்று, யோசிக்கிற பிராணியாக மாறுவது அங்கேதான். அதை அசைத்த வில்லிஸ் ஓ’பிரையன் இளமையில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். சண்டை முடிந்த உடம்பு எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

அதைப் பார்த்த பிறகு 1925-ன் மௌனப் படமான ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ பக்கம் போங்கள். வரிசைப்படி அதுதான் முதலில் வந்தது. ஆனாலும் காங்கைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அதில் ஓ’பிரையனின் கை பழகிக்கொண்டிருப்பது தெரியும்.

ஸ்டாப் மோஷன் என்றால் என்ன என்று ஓரளவு தெரியும். ஆனால் காங்கின் உடம்பில் முடி எப்போதும் அலைபாய்ந்துகொண்டே இருக்கிறதே, அது காற்றா? – ஒரு வாசகர்

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம்.

காற்று இல்லை, விரல். காங் பொம்மை சுமார் 18 அங்குல உயரம்தான். உள்ளே மூட்டு மூட்டாக அசையும் உலோக எலும்புக்கூடு, அதன்மேல் பஞ்சும் ரப்பரும் வைத்துக் கட்டிய தசை, எல்லாவற்றுக்கும் மேல் முயல் தோல். அசைப்பவர் பொம்மையின் கையைத் துளி நகர்த்துவார், விலகி நிற்பார், கேமரா ஒரு பிரேம் எடுக்கும். திரும்ப வந்து துளி நகர்த்துவார். பேசும்படத்தில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 தடவை பொம்மையைத் தொட வேண்டும். தொடுகிற ஒவ்வொரு முறையும் விரல் பட்ட இடத்தில் முடி படிந்தோ கலைந்தோ போகும். படமாக ஓட்டும்போது அது சிலிர்ப்பாகத் தெரிகிறது. படத்தை எடுத்தவர்கள் முதலில் இதைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். பார்த்தவர்களோ காங்குக்குக் கோபம் வந்து முடி குத்திட்டு நிற்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்தச் சிலிர்ப்பு கையெழுத்து மாதிரி. தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒருவர் தொட்ட இடம் இன்னும் திரையில் அசைகிறது. நான் முதன்முதலில் களிமண்ணில் ஒரு உடும்பு செய்து, பாறைமேல் ஏற வைத்துப் படமெடுத்தேன். நாலு விநாடிக் காட்சிக்கு இரண்டு நாள் ஆனது. ஓட்டிப் பார்த்தபோது அதன் முதுகெல்லாம் என் விரல்ரேகை ஓடிக்கொண்டிருந்தது. காங்கின் முடியை அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

இந்த வேலையில் எதிரி நேரம்தான். விளக்கு கொஞ்சம் மங்கினாலும், யாராவது ஜன்னலைத் திறந்துவிட்டாலும் அந்தக் காட்சி போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு அப்படிப் போன காட்சிகள் பல உண்டு. ‘கிங் காங்’ எடுத்தபோது காட்டு செட்டில் நிஜச் செடிகளும் வைத்திருந்தார்கள். அதில் ஒரு செடி, படப்பிடிப்பு விளக்கின் சூட்டில், வேலை நடக்க நடக்கப் பூத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பூத்தது, ஓட்டிப் பார்த்தபோது சட்டென்று மலர்ந்தது. ஒரு நாள் வேலை முழுவதும் வீண்.

அப்புறம் மூச்சு. இது யாரும் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். 1925 படத்துக்கான டைனோசர்களைச் செய்தவர் மார்சல் டெல்காடோ. மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். ஓ’பிரையன் அவரை வகுப்பில் பார்த்து வேலைக்குக் கூப்பிட்டார். டெல்காடோ சில பொம்மைகளின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்றை வைத்தார். ஒவ்வொரு பிரேமுக்கும் அதில் கொஞ்சம் காற்றை ஏற்றி, இறக்கி எடுத்தார்கள். அதனால் அந்த மிருகங்கள் சும்மா நிற்கும்போதும் விலா ஏறி இறங்குகிறது. நடப்பதும் கடிப்பதும் எந்தப் பொம்மைக்கும் வரும். சும்மா நிற்கும்போது உயிரோடு இருப்பதுதான் கஷ்டம். இந்தப் படங்களில் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அந்த விலாவைத்தான்.

1925 படத்தின் டைனோசர்களை நிஜம் என்று நம்பியவர்கள் உண்டாமே? – ஓர் ஆசிரியை

நம்பினார்களோ இல்லையோ, திகைத்துப் போனார்கள். மூலக் கதையை 1912-ல் எழுதியவர் ஆர்தர் கோனன் டாயில். 1922-ல் நியூயார்க்கில் அமெரிக்க மந்திரவித்தைக்காரர்கள் சங்கத்தின் விருந்துக்கு அவரை அழைத்திருந்தார்கள், புகழ்பெற்ற மந்திரவித்தைக்காரர் ஹூடினியும் இருந்தார். டாயில் எதுவும் விளக்காமல், ஓ’பிரையன் சோதனைக்காக எடுத்திருந்த துண்டுப் படத்தை ஓட்டிக் காட்டினார். கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் மறுத்துவிட்டார். கண்கட்டு வித்தையே தொழிலாக உள்ளவர்கள் அது எப்படி வந்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாகவே போட்டது. அதன் பிறகுதான் டாயில், அது எடுக்கப்படவிருக்கும் படத்துக்கான சோதனை என்று ஹூடினிக்கு எழுதி விளக்கினார்.

ஏன் எப்போதும் பீடபூமி, தீவு, துருவம் என்றே போகிறார்கள்? அந்த இடங்களுக்கு நிஜ ஆதாரம் உண்டா? – புவியியல் படிக்கும் ஒரு வாசகர்

உண்டு. அதுவும் நல்ல ஆதாரம்.

தென் அமெரிக்காவில் வெனிசுவேலா, பிரேசில், கயானா மூன்றும் சந்திக்கும் இடத்தில் ரொரைமா என்ற மலை இருக்கிறது. 2,810 மீட்டர் உயரம். உச்சி கூராக இல்லை, மேசை மாதிரி தட்டை. சுற்றிலும் செங்குத்தான மணற்கல் சுவர். கீழே மழைக்காடு, மேலே மேகம். 1884-ல் எவரார்ட் இம் தர்ன் குழுவினர் ஏறும்வரை வெளியுலகிலிருந்து போன எவரும் உச்சியைத் தொட்டதாகப் பதிவு இல்லை. அந்தப் பயணத்தைப் பற்றிய பேச்சு டாயிலின் கற்பனைக்குத் தீனி போட்டது. கீழே இருப்பவை ஏற முடியாது, மேலே இருப்பவை இறங்க முடியாது, ஆகவே மேலே காலம் நின்றுவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நிஜத்தில் அந்த உச்சியில் டைனோசர் இல்லை. விரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்புத் தேரை இருக்கிறது. அதற்குத் தாவத் தெரியாது, ஈரப் பாறையில் மெல்ல நடக்கும். அந்தப் பகுதி மலையுச்சிகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி. தனித்து விடப்பட்ட இடம் உயிரை வேறு மாதிரி வளர்க்கும் என்ற அடிப்படை எண்ணம் சரியானதுதான் என்பதற்கு அந்தத் தேரை சாட்சி. டாயில் அதைப் பிரம்மாண்டமாக்கினார், அவ்வளவுதான்.

‘கிங் காங்’ தீவுக்கும் ஒரு பின்னணி உண்டு. 1926-ல் டக்ளஸ் பர்டன் என்பவர் கொமோடோ தீவுக்குப் போய், அங்கே இருக்கும் ராட்சத உடும்புகளில் இரண்டை உயிரோடு பிடித்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டுவந்தார். இரண்டும் அங்கே அதிக நாள் பிழைக்கவில்லை. பர்டன் கூப்பரின் நண்பர். தன் ராஜ்யத்திலிருந்து பிடித்துவரப்பட்டு நகரத்தில் செத்துப்போகும் மிருகம் என்ற காங்கின் கதைக்குள் அந்த இரண்டு உடும்புகளும் இருக்கின்றன.

அப்புறம் உலக வரைபடத்தில் காலி இடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. விமானம் வந்தது, காட்டுக்கு மேலே பறந்து பார்த்தார்கள். மிச்சமிருந்தது அண்டார்டிகா. 1947-ல் அமெரிக்கக் கடற்படையின் பெரிய பயணத்தில் விமானி டேவிட் பங்கர், பனிக்கு நடுவே பனியே இல்லாத நிலத்தையும் ஏரிகளையும் கண்டு விமானத்தை இறக்கினார். செய்தித்தாள்கள் அதைச் சோலை என்றே எழுதின. அதைப் பிடித்துக்கொண்டு 1957-ல் ‘தி லேண்ட் அன்நோன்’ வந்தது. ஒரு ஹெலிகாப்டர் பனிமூட்டத்துக்குள் இறங்கிக்கொண்டே போகிறது, உயரம் காட்டும் கருவி கடல் மட்டத்தைத் தாண்டி இன்னும் கீழே காட்டுகிறது. அந்த இறக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கீழே வந்து சேர்ந்த பிறகு ரப்பர் உடைக்குள் ஆள் நடக்கும் டைனோசர்தான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

1974-ல் பிரிட்டனில் எடுத்த ‘தி லேண்ட் தட் டைம் ஃபர்காட்’ இன்னொரு வழி கண்டது. முதல் உலகப் போரின்போது நடக்கும் கதையை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று பாறைச் சுவருக்கு அடியில் இருக்கும் நீர்ச்சுரங்கம் வழியாகத் தீவுக்குள் போகிறது. செயற்கைக்கோள் சுற்றும் காலத்தில் இருந்துகொண்டு, உலக வரைபடம் முழுமையாகாத காலத்துக்குத் திரும்பிப் போவதுதான் ஒரே வழி என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. பொம்மைகள் சுமார்தான். ஆனால் பகையாளிகள் ஒரே கப்பலுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பகுதி நன்றாக இருக்கும்.

ஒரு படத்தில் நிஜ உடும்புக்கும் முதலைக்கும் செதில் ஒட்டிச் சண்டை போட விட்டிருந்தார்கள். என் மகள் அழுதுவிட்டாள். அப்படி எடுத்தது சரியா? – ஒரு தாய்

சரியில்லை. உங்கள் மகள் சரியாகப் பார்த்திருக்கிறாள்.

நீங்கள் பார்த்தது 1940-ன் ‘ஒன் மில்லியன் பி.சி.’ ஆக இருக்க வேண்டும். குட்டி முதலையின் முதுகில் துடுப்பு ஒட்டி, பெரிய பல்லி ஒன்றுடன் மோத விட்டார்கள். அது நடிப்பில்லை, இரண்டு பிராணிகளும் ஒன்றையொன்று நிஜமாகவே கடித்துக் குதறின. அந்தத் துண்டுப் படத்தை அதற்குப் பிறகு வேறு பல படங்களுக்கும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். பணமும் நேரமும் மிச்சம் என்பதுதான் காரணம். பொம்மையை அசைக்க மாதக்கணக்கில் ஆகும், பல்லிக்குக் கொம்பு ஒட்ட ஒரு காலைப்பொழுது போதும்.

1959-ன் ‘ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்’ படத்திலும் இகுவானாக்களுக்கு முதுகில் துடுப்பு ஒட்டினார்கள். அதை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. ஜேம்ஸ் மேசனின் நடிப்பும் பெர்னார்ட் ஹெர்மனின் இசையும் அதில் அவ்வளவு உயர்வு. வயலின் வகை ஒன்றுகூட இல்லாமல், ஆர்கனையும் ஆழமான ஊதுகருவிகளையும் வைத்தே பூமியின் அடிவயிற்றைக் கேட்க வைத்துவிட்டார்.

என்னால் மன்னிக்க முடியாதது 1960-ல் இர்வின் ஆலன் மறுபடி எடுத்த ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’. ஓ’பிரையன் அந்தப் படத்தில் வேலைக்கு இருந்தார், அவர் பெயரும் திரையில் வருகிறது. 1925-ல் இதே கதைக்கு உயிர் கொடுத்தவர், 74 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், பக்கத்திலேயே இருக்கிறார். ஆனாலும் உடும்புக்கும் முதலைக்கும் கொம்பு ஒட்டினார்கள். அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஓ’பிரையனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? – அதே தாய்

1886-ல் பிறந்தார், 1962-ல் காலமானார். ‘கிங் காங்’ வந்த அதே 1933-ல் அவருடைய இரண்டு மகன்களும் இறந்துபோனார்கள். பிரிந்து வாழ்ந்த மனைவியே, கடும் நோயிலும் மனக்கலக்கத்திலும் இருந்தபோது, அவர்களைச் சுட்டுவிட்டார். அதற்குப் பிறகும் இந்த மனிதர் ஸ்டுடியோவுக்குப் போய் பொம்மைகளை அசைத்திருக்கிறார். 1949-ன் ‘மைட்டி ஜோ யங்’ படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் வாழ்நாளில் அவர் திட்டமிட்ட படங்களில் நின்றுபோனவையே அதிகம். ‘கிரியேஷன்’ பாதியில் நின்றது. மாடு மேய்க்கும் குதிரை வீரர்கள் டைனோசரைப் பிடிக்கும் ‘குவாங்கி’ 1940-களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அதை அவர் சீடர் ரே ஹாரிஹவுசன் 1969-ல் ‘தி வேலி ஆஃப் குவாங்கி’ என்று எடுத்து முடித்தார். குரு போய் ஏழு வருடம் ஆகியிருந்தது.

அந்தப் படத்தில் குதிரை வீரர்கள் நாலு பக்கமும் சூழ்ந்து டைனோசர் கழுத்தில் கயிறு வீசும் காட்சி இருக்கிறது. என் தொழிலில் இருப்பவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஸ்பெயினில் வெட்டவெளியில் ஒரு ஜீப்பில் உயரமான கம்பம் நட்டு, நிஜ வீரர்களை அந்தக் கம்பத்தில் கயிறு வீசச் சொன்னார்கள். ஜீப் ஓட, கயிறுகள் விறைத்து இழுபட்டன. அந்தப் படத்தைப் பின்னர் ஒரு சின்னத் திரையில் ஒவ்வொரு பிரேமாக ஓட்டி, ஜீப் மறையும்படி முன்னால் பொம்மையை நிறுத்தி, பொம்மையின் கழுத்தில் கட்டிய மெல்லிய கம்பிகளை நிஜக் கயிறுகளின் நுனியோடு ஒரே கோட்டில் சேர்த்தார் ஹாரிஹவுசன். கயிறு ஒன்று விறைத்தால் பொம்மையின் கழுத்தும் அந்தப் பக்கம் சாய வேண்டும். இப்படி ஒவ்வொரு பிரேமுக்கும், மாதக்கணக்கில், தனியாளாக.

1933-ல் 13 வயதில் ‘கிங் காங்’ பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் பொம்மை செய்யத் தொடங்கிய பையன்தான் அவர்.

இந்தப் படங்களில் வரும் டைனோசர்கள் அறிவியல்படி சரியா? – பல வாசகர்கள்

அவரவர் காலத்து அறிவியலுக்கு ஓரளவு நெருக்கம். ஓ’பிரையன் பின்பற்றியது சார்ல்ஸ் நைட் வரைந்த ஓவியங்களை. வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பதாகத்தான் அன்று ஆய்வாளர்களும் நினைத்தார்கள். 1960-களின் கடைசியில் ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிக்கஸ் என்ற ஊனுண்ணி டைனோசர் பற்றி எழுதிய பிறகுதான், வாலைத் தூக்கிப் பறவை மாதிரி சமநிலையோடு ஓடும் டைனோசர் பொதுப்பார்வைக்கு வந்தது. மனிதனும் டைனோசரும் சேர்ந்து வாழ்ந்ததாகக் காட்டும் படங்களில் அறிவியலைத் தேட வேண்டாம். நடுவே 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

ஒரு படம் மட்டும் விதிவிலக்கு, அதைக் கட்டாயம் பாருங்கள். 1955-ல் செக் இயக்குநர் காரெல் ஸெமான் எடுத்தது, தமிழில் ‘ஆதிகாலத்துக்கு ஒரு பயணம்’ என்று சொல்லலாம். நாலு பையன்கள் ஒரு குகை வழியாகப் படகில் போக, ஆறு அவர்களைப் பின்னோக்கிய காலத்துக்குக் கொண்டுபோகிறது. முதலில் பனியுகம், மாமத் யானைகள். பிறகு டைனோசர்கள், அதற்கும் முன்னால் பின்னாளில் நிலக்கரியாக மாறிய காடுகள், கடைசியில் உயிர் தோன்றிய கடல். தொல்லுயிர் அறிஞர் ஜோசப் அகஸ்டா ஆலோசகர். காட்சிகள் ஸ்டெனெக் புரியான் ஓவியங்களைப் பின்பற்றியவை.

அதில் யாரும் துப்பாக்கி தூக்குவதில்லை, எதையும் பிடித்துக் கட்டுவதில்லை. ஒரு மாலையில் ஸ்டெகோசாரஸ் ஒன்று ஊனுண்ணியுடன் போராடுவதைத் தூர நின்று பார்க்கிறார்கள். மறுநாள் காலையில் அது செத்துக் கிடக்கிறது. பையன்கள் பக்கத்தில் போய், முதுகுத் தகடுகளைத் தொட்டு, அளவெடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். செத்த மிருகத்தின் பக்கத்தில் அப்படிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும் மனிதர்களை இந்த வகைப் படங்களில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. கடைக்குட்டிப் பையனுக்கு ஒரே ஆசை, புதைபடிவமாகக் கையில் கிடைத்த டிரைலோபைட் என்ற ஆதிகாலக் கடல் பிராணியை உயிரோடு பார்க்க வேண்டும். பார்ப்பானா என்பதை நான் சொல்ல மாட்டேன்.

‘கிங் காங்’கில் தீவு மக்களைக் காட்டியிருக்கும் விதம் எனக்குச் சங்கடமாக இருந்தது. பிள்ளைகளோடு பார்க்கலாமா? – ஒரு தந்தை

அந்தச் சங்கடம் நியாயமானது. சுமத்ராவுக்கு மேற்கே இருப்பதாகச் சொல்லும் தீவில் எந்த இனத்தையும் சேராத ஒரு கூட்டத்தை உருவாக்கி, அச்சமும் பலியும் தவிர வேறு வாழ்க்கையே இல்லாதவர்களாகக் காட்டுகிறார்கள். 1925 படத்தில் வெள்ளைக்கார நடிகர் ஒருவர் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு வேலைக்காரராக வருகிறார். வேற்று நிலத்தைத் தேடிப் போகும் கதைகளை எழுதியவர்கள், அங்கே ஏற்கெனவே வாழ்பவர்களை மனிதராக எண்ணிப் பார்க்கவில்லை. இது இந்த வகையின் பெரிய குறை. நான் நேசிக்கும் படம் என்பதற்காக அதை மூடி மறைக்க மாட்டேன்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பார்க்கலாம். அந்தக் காட்சிகளை ஓட்டித் தள்ளிவிடாமல், நிறுத்திப் பேசுங்கள். அந்தப் பெரிய மதில் எதற்கு, அதைக் கட்டியது யார், காங்கோடு இத்தனை காலம் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேளுங்கள். படம் சொல்லாமல் விட்ட கதை அங்கே இருக்கிறது, பிள்ளைகள் அதைச் சொல்லத் தொடங்குவார்கள்.

தொலைந்துபோன காட்சிகள் பற்றி… – ஒரு பழைய வாசகர்

‘கிங் காங்’கில் காங் மரத்தடியை உருட்டி மாலுமிகளைப் பள்ளத்தில் தள்ளும் இடம் உண்டு. கீழே ராட்சதச் சிலந்திகளும் பிறவும் அவர்களைப் பிடிக்கும் காட்சியையும் எடுத்திருந்தார்கள். கதையின் ஓட்டம் அங்கே நின்றுவிடுகிறது என்று கூப்பரே வெட்டிவிட்டார். அந்தச் சுருள் கிடைக்கவே இல்லை. 1938-ல் மறுபடி வெளியிட்டபோது தணிக்கை விதிகளுக்காக வேறு சில துண்டுகளும் போயின. அவை பல வருடம் கழித்துக் கிடைத்து, மறுபடி சேர்க்கப்பட்டன.

‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ கதை இன்னும் சோகம். பேசும்படம் வந்த பிறகு அதன் பிரதிகளைத் திரட்டி அழித்துவிட்டார்கள். வீட்டுத் திரையிடலுக்காகச் சுருக்கிய பிரதிதான் பல பத்தாண்டு மிஞ்சியிருந்தது. நானும் முதலில் பார்த்தது அந்தச் சுருக்கத்தைத்தான். பின்னாளில் செக் காப்பகத்தில் இருந்த பிரதியும் வேறு துண்டுகளும் கிடைத்துச் சேர்த்த பிறகு, இப்போது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடிகிறது. ஒரு பெரிய எரிமலை, கூட்டமாக ஓடும் மிருகங்கள், ஒரு தாய் தன் குட்டியை மறைத்து நிற்பது எல்லாம் அதில் இருக்கிறது.

தமிழில் இந்த வகைப் படம் உண்டா? – ஒரு வாசகி

உண்டு, 1952-ல். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த ‘காடு’. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. வில்லியம் பெர்க் இயக்கம். காட்டில் யானைகள் ஏன் மிரண்டு ஓடுகின்றன என்று தேடிப் போகும் குழு, அழிந்துபோனதாக நினைத்த மாமத்துகளைக் காண்கிறது. நிஜ யானைகளுக்கே சடைமுடி போர்த்தி மாமத் ஆக்கினார்கள். அமெரிக்கத் தரப்பில் ராட் கேமரன், சீசர் ரோமெரோ நடித்தார்கள். காட்டுக் காட்சிகளும் யானைக் கூட்டமும்தான் அதன் பலம், மாமத்துகள் வருவது கொஞ்ச நேரமே.

எனக்கு 12 வயது. களிமண்ணில் டைனோசர் செய்திருக்கிறேன். அப்பாவின் செல்போனில் படமெடுக்கலாமா? – ஒரு மாணவன்

தாராளமாக எடுக்கலாம், தம்பி. ஒவ்வொரு பிரேமாக எடுக்கும் செயலிகள் போனிலேயே கிடைக்கின்றன. போனை எதனோடாவது இறுகக் கட்டிவிடு, கையில் பிடிக்காதே. ஜன்னலை மூடிவிட்டு ஒரே விளக்கில் எடு. களிமண்ணுக்குள் வளையும் கம்பியை எலும்பு மாதிரி வை, இல்லாவிட்டால் கால் மடங்கி விழும். பாதத்தைத் தரையில் குண்டூசியால் குத்தி நிறுத்து. விநாடிக்கு 12 படம் இப்போதைக்குப் போதும்.

முதல் நாளே நடக்க வைக்காதே, சண்டையும் வேண்டாம். அது சும்மா நிற்கட்டும். விலாப் பக்கம் ஒரு மிளகு அளவு களிமண்ணை ஒட்டித் தடவி ஒரு படம், இன்னும் கொஞ்சம் ஒட்டி இன்னொரு படம். இப்படி ஆறு படம். அப்புறம் அதே மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஆறு. ஒரு மூச்சுக்கு ஒரு விநாடி. பத்து மூச்சு எடுத்துவிட்டு ஓட்டிப் பார். நடுவில் ஒரே ஒரு இடத்தில் கண்ணை மூடித் திறக்க வை. பார்த்துவிட்டு எனக்கு எழுது.